தங்கையின் கையில் தரக் கூடாதது

...அவளாக இருக்க முடியாது, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவளுக்கு இந்தச் சோதனைக்கூடத்தில் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன், அவள்தான், என் பெரியப்பா மகள் வெய்சினியா, கைகளில் நீலக் கையுறை, கழுத்தில் அடையாள அட்டை, உள்ளறைக் கதவைத் தோளால் தாங்கியபடி அடுத்தவரைக் கூப்பிட வந்தவள், என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள், நானும் தரையைப் பார்த்தேன். ஒரே தரை, பச்சைப் புள்ளி போட்ட தரை, எங்கள் இருவர் பார்வையும் அதில்தான் சந்தித்திருக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்த மானு எழுந்தான், கூரை வேய்கிற ஆள், நாற்பதைத் தாண்டியவன், காலையிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், "அங்கிள், நான் முதல்ல போயிட்டு வர்றேன், இதுக்கு மேல தாங்காது, நேத்துலேர்ந்து குடிச்சுக் குடிச்சு மீனாவே ஆயிட்டேன்" என்று சிரித்தான், அவள் சிரிக்கவில்லை, கதவு மூடிக்கொண்டது. அவனுக்கு அடுத்து நான். அவன் வெளியே வந்ததும் நான் உள்ளே போக வேண்டும், போய், அவள் கொடுக்கிற கோப்பையை வாங்கி, நிரப்பி, சூடு ஆறுவதற்குள் அவள் கையிலேயே... என் தங்கையின் கையில். இதைத் தலைக்குள் சொல்லிப் பார்ப்பதே அசிங்கமாக இருக்கிறது. என் அப்பா மட்டும் உயிரோடு இருந்தால், வேண்டாம், அவரை எதற்கு இந்த அறைக்குள் இழுப்பது.

பெரியப்பா மகள் என்றால் தங்கைதான், எங்கள் தீவான தோங்காவில் அதற்கு வேறு சொல் கிடையாது, கடல் தாண்டி இந்த ஒதாஹுஹு நகரில் வந்து வீடு வாங்கிவிட்டதால் புதுச் சொல் முளைத்துவிடாது. வயதில் இளையவளாக இருந்தாலும் தங்கை அண்ணனுக்கு மேலே. அவள் இருக்கிற அறையில் நான் கால் நீட்டி உட்கார மாட்டேன், நான் இருக்கிற அறையில் அவள் உரக்கச் சிரிக்க மாட்டாள், டீவியில் யாராவது முத்தம் கொடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து வெளியே போவோம், பெரும்பாலும் நான், வாசலில் நின்று மழை வருகிறதா என்று பார்ப்பேன். உடம்பு என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குள் பேச்சில் வந்ததில்லை. எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது அவளுக்கு என்ன சொல்லி அனுப்பினோம்? "அண்ணனுக்குக் கொஞ்சம் களைப்பு." அவளும் களைப்புக்கு ஏற்ற மாதிரி வாழைக்குலையும் பன்றி இறைச்சியும் அனுப்பினாள். அவள் புருஷனோடு புதிதாக வந்து இறங்கிய குளிர்காலத்தில் என் வீட்டில்தான் தங்கினார்கள், ஒரே ஒரு கழிப்பறை உள்ள வீடு, நான் கராஜில் படுத்துக்கொண்டு, இருட்டுப் பிரியும் முன்பே எழுந்து, பனியில் நடந்து, முனையில் இருக்கிற பெட்ரோல் பங்குக்குப் போய் அங்கே காரியத்தை முடித்துவிட்டு வருவேன், நான் தண்ணீரை இழுத்து விடுகிற சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்பதற்காக. பங்குக்காரன் என்னை வீடில்லாத ஆள் என்று நினைத்து ஒருநாள் பன்னும் காப்பியும் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அவனிடம் விளக்கவா முடியும்? தோவாகசே, என் மனைவி, இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க என் தங்கை என் வீட்டில் ஒரு ராணி மாதிரி இருந்தாள், அதுதான் விஷயம்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை மாறியது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? எல்லாருக்கும் தெரிந்திருக்கும், தோவாகசேவுக்குக்கூடத் தெரிந்திருக்கும், ஆனால் யார் வந்து ஒரு அண்ணனிடம் சொல்லுவார்கள், உன் தங்கை இப்போது ஆம்பிளைகளின் மூத்திரத்தைக் கையில் பிடித்துச் சூடு பார்க்கிறாள் என்று? மரியாதைக்காக மறைத்தார்கள், அந்த மரியாதைதான் என்னை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது. காலையில் கிளம்பும்போது, வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு இடுப்புத்துணி, அதன்மேல், எங்கள் ஊரில் மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பாய், அப்பாவுடையது, கயிற்றை நான் இறுக்கிக் கட்டும்போது தோவாகசே கேட்டாள், "சோதனைக்குப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா? அவங்க பார்க்கப்போறது உங்க பாயை இல்ல." எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் இப்படித்தான் போவேன், நான் வேலை பார்த்த இறைச்சித் தொழிற்சாலையை மூடியபோது கணக்கு முடிக்கப் போனதும் இப்படித்தான், உதவித்தொகை கேட்டு முதல் தடவை வரிசையில் நின்றதும் இப்படித்தான். முதுகு வளைந்து நிற்கிறவனைத்தான் அவர்கள் உதவி கேட்டு வந்தவனாகப் பார்ப்பார்கள், நான் வளையவில்லை. அந்த டெனிஸ், உதவித்தொகை அலுவலகத்துப் பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், விமான நிலையத்துப் பக்கம் குளிர்க்கிடங்கில் வேலை இருக்கு, போதைப்பொருள் சோதனை பண்ணித்தான் எடுப்பாங்க, போகலைன்னாலும் சரி, போயிட்டு மறுத்தாலும் சரி, தோத்த மாதிரிதான் கணக்கு, தொகை குறையும் என்றாள். "அம்மா, நான் சபையில் மூப்பன்" என்றேன். "சரிங்க, வியாழக்கிழமை காலையில" என்றாள். அவளுக்கு மூப்பனும் ஒன்றுதான் மானுவும் ஒன்றுதான்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்தவனா நான்? தேர்தலுக்கு முன்னால் சபை மண்டபத்தில் வேட்பாளர் வந்து பேசினபோது, எழுந்து நின்று, உழைக்கிறவன் வரியில் சாப்பிடுகிறவன் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்டவன் நான், கை தட்டினார்கள், போதகர்கூடத் தட்டினார். கையில் வேலை இருந்தவரை என்னிடம் யாரும் கோப்பையை நீட்டியதில்லை என்பது அப்போது தோன்றவில்லை. பிறகு மொசேசே, எங்கள் பாடகர் குழுவில் நல்ல மேல்ஸ்தாயிக் குரல், இதே மாதிரி ஒரு வேலைக்குப் போய், சோதனைக்கு மாட்டேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டான் என்று தெரிந்தபோது, மடியில் கனம் இல்லாதவன் ஏன் எழுந்து வரப்போகிறான் என்று நான்தான் கேட்டேன், அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினோம். அது சரிதான். குழு என்றால் ஒழுங்கு வேண்டும். அவன் காரணம் எதுவும் சொல்லவில்லையே... கேட்டோமா? கேட்டிருந்தால் சொல்லக்கூடிய காரணமாக இருந்திருக்குமா? எனக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது, வாயைத் திறந்து சொல்ல முடியாத காரணம், இந்த முன்மேசைப் பெண்ணிடம், "இந்தக் கோப்பையை வாங்கப்போறது என் தங்கச்சி" என்று, தங்கையையும் கோப்பையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் காதில் விழும்படி. வேறு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னால்? ஏன் என்பாள். எழுந்து போனால்? மொசேசே. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் என் இடத்தைப் பார்த்து எத்தனை பேர் யோசிப்பார்கள், மூப்பன் மறுத்துவிட்டானாம், மூப்பன் மடியில் என்னவாம். என் பிள்ளைகள் பெயர், அப்பா பெயர், எல்லாம் இந்தப் பிளாஸ்டிக் கோப்பையில்.

மானு வெளியே வந்தான், கதவு பாதி திறந்தது, "அடுத்தவர்" என்று குரல் மட்டும் வந்தது. பெயர் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். முன்மேசைப் பெண், கைலி என்று பெயர், அவள்தான் திரையைப் பார்த்து, "கா... கலாபி? கலாபி யாருங்க?" என்றாள். கலாஃபி அம்மா, கலாஃபி, வேலை இல்லாதவனின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதா, என்று கேட்கவில்லை, "இப்ப வரல" என்றேன். நெஞ்சறிந்த பொய். வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிறையக் குடித்து வரச் சொல்லியிருந்தார்கள், குடித்திருந்தேன், அடிவயிறு மத்தளம் மாதிரி இறுகி, பாயின் கயிறு அதன்மேல் அறுத்துக்கொண்டிருந்தது, அந்த நிலையில், வரவில்லை. "அட, கூச்சமா? நிறையப் பேருக்கு அப்படித்தான் அங்கிள், பெரிய பெரிய ரக்பி ஆளுங்களே உள்ள போய் நின்னுட்டு அழுதிருக்காங்க. இன்னும் ரெண்டு கப் தண்ணி குடிங்க, மெதுவா உட்காருங்க" என்று கைலி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கிறாள், குடிக்கிறேனா என்று பார்க்கிறாள், குடித்தேன். கர்த்தாவே. மானு போகாமல் தன் பேப்பருக்காக நின்றுகொண்டிருந்தான், என்னை மேலும் கீழும் பார்த்தான், குனிந்து காதோடு, "அங்கிள், எப்ப அடிச்சீங்க? வார இறுதியிலயா?" என்றான். "என்ன பேச்சு பேசறே?" "கோவப்படாதீங்க, நம்ம ரெண்டு பேரும் ஒரே படகுதான். இன்னும் குடிங்க, உள்ள இருக்கறது சோதனையில தெரியாத அளவுக்கு நல்லா நீர்த்துப் போகட்டும்." ஒரே படகா? நானும் இவனுமா? டையை நேராக்கிக்கொண்டேன். அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான், தட்டியது உண்மையான அன்போடுதான் தட்டினான், அதுதான் உறைத்தது.

காத்திருக்கலாம் என்று ஒரு யோசனை. அவளுக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று வருமே. கிரேம் என்று ஒரு ஆம்பிளை இருக்கிறார், வண்டி எடுத்துக்கொண்டு ஏதோ தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார், மதியம் வந்துவிடுவார் என்று கைலி யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. அவர் வருகிறவரை தாங்கினால் போதும், அவர் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போய்விடலாம், வெய்சினியா பார்க்காத மாதிரி இருப்பாள், நான் வராத மாதிரி இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் தூரத்திலிருந்து தலையசைப்போம், முடிந்தது. கால் மேல் கால் போட்டால் வலி, எடுத்தால் அதைவிட வலி. எதிரே சுவரில் பெரிய எழுத்தில் அறிவிப்புகள், கைப்பை, தொப்பி, மேல்சட்டை வெளியே வைக்கவும், உள்ளே குழாய் இயங்காது, தண்ணீரை இழுத்து விடக் கூடாது, சொந்தக்காரர்களின் மாதிரியை ஊழியர்கள் எடுக்கக் கூடாது, முன்கூட்டியே தெரிவிக்கவும்... அதை மறுபடியும் படித்தேன். மனசு லேசாயிற்று. அவர்கள் சட்டமும் எங்கள் வழக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது! நான் எதற்குக் கவலைப்பட வேண்டும், அவளே சொல்லிவிடுவாள், சொல்லியே ஆக வேண்டும், அதுதான் கிரேம் வரட்டும் என்று அவளும் உள்ளே காத்திருக்கிறாள். கெட்டிக்காரி. பெரியப்பாவின் மகள் அல்லவா.

கிரேம் வந்தார், வழுக்கைத் தலை, கையில் சாண்ட்விச் பொட்டலம், கதவைத் திறந்துகொண்டே, "வெய், நீ போய் சாப்பிடு, காலையிலேர்ந்து உட்காரவே இல்ல நீ. யாரு பாக்கி, இந்தப் பெரியவரா? நான் பார்த்துக்கறேன்" என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் குரல், நிதானமாக, "வேணாம் கிரேம், நீங்க முதல்ல சாப்பிடுங்க. இவரை நானே முடிச்சுடறேன்." "தெரிஞ்சவரா?" "இல்ல." இல்ல என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்ன மாதிரி இருந்தது. கிரேம் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். நான் பாதி எழுந்தவன் பாதி எழுந்தபடியே நின்றேன். நான் இருமினால்கூட எழுந்து போகிறவள், என் கறிக்கிண்ணத்தில் கரண்டி போடாதவள், சட்டமும் போ என்கிறது, வழக்கமும் போ என்கிறது, மாற்று ஆள் கண் முன்னால் நிற்கிறான், ஒரு வார்த்தை, என் அண்ணன் என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்லாமல் இல்ல என்கிறாள், தெரிந்தால் அவள் வேலை போய்விடும், அப்படியும் உட்கார்ந்திருக்கிறாள். ஏன்? என் கோப்பை வேறு கைக்குப் போகக் கூடாது என்று ஏன் நினைக்க வேண்டும்? வேறு கையில் என்ன தெரிந்துவிடும்... ஓ. ஓ, அப்படியா. பார்த்துவிட்டாள், காலையிலிருந்து வரவில்லை வரவில்லை என்று ஒருவன் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருப்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள், அப்படி உட்கார்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள், அவர்கள் எல்லாரும் ஏன் அப்படி உட்கார்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நானா? போதை அடிக்கிறவன் என்று என்னையா? கோபம் வந்தது, வந்து அடிவயிற்றில் முட்டி நின்றது. எதை வைத்து? குடிக்கிறவனா நான், எங்கள் ஊர் ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்தில்கூட இரண்டு கிண்ணத்துக்கு மேல் தொட மாட்டேனே. ஆனால் அவள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? தொழிற்சாலை மூடியதிலிருந்து இளைத்துவிட்டேன், சட்டைக் கழுத்து தொங்குகிறது. இரவில் தூக்கம் இல்லாமல் பகலில் காரில் தூங்குகிறேன், பூங்கா ஓரமாக நிறுத்திக்கொண்டு, வீட்டில் தூங்கினால் வேலையில்லாதவன் தூக்கம் என்று தோன்றும் என்பதால். யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்களோ? கண் சிவந்திருக்கிறது என்று தோவாகசே சொன்னாள். பாடல் ஒத்திகைக்கு இரண்டு தடவை போகவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்... நானே மூப்பர்கள் கூட்டத்தில் இருந்து, இன்னொருவனைப் பற்றி இவ்வளவும் கேள்விப்பட்டால், என்ன சொல்லியிருப்பேன்? அதை யோசிக்க நேரமில்லை. இப்போது நான் கிரேமைக் கூப்பிட்டு, இவள் என் தங்கை என்று சொன்னால் என் மானம் பிழைக்கும், பொய் சொன்னதற்காக அவள் வேலை போகும். எழுந்து வெளியே நடந்தால் என் மானம் போகும், மறுத்தவன் என்று. மூன்றாவது வழி அந்தக் கதவு.

போனேன். அவள் மேசைக்குப் பின்னால் நின்றாள், நான் வாசற்படியில் நின்றேன், இருவருக்கும் நடுவில் மேசைமேல் கோப்பை, நெகிழியால் மூடியது. எல்லாரிடமும் சொல்கிறதை என்னிடமும் சொல்ல வேண்டுமே, சொன்னாள், கோப்பையிடம் சொன்னாள், "மேல போட்டிருக்கறதை எல்லாம் இங்க வச்சுடணும்." பாயைத்தான் சொல்கிறாள். கயிற்றை அவிழ்த்தேன், வயிறு விடுபட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியால்தான். பாயைச் சுருட்டி, மேசைமேல் அல்ல, அவள் பக்கமாக இரண்டு கையாலும் நீட்டினேன், எங்கள் வீட்டுப் பாய்கள் எல்லாம் முடிவில் போய்ச் சேர வேண்டிய இடம் தங்கைகளின் கைதானே. அவள் நீல உறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் வாங்கினாள். உறையைக் கழற்றுவது அங்கே தப்பாக இருக்கலாம். "அப்பாவோடதா?" என்றாள், மிகவும் மெதுவாக. "ஆமா." அவ்வளவுதான் பேச்சு. உனக்கு நான் என்ன செய்தேன், என்னைப் போய் இப்படி நினைத்தாயே என்று கேட்டிருக்கலாம், நான் சுத்தம் என்றாவது சொல்லியிருக்கலாம், எந்த வார்த்தையால் சொல்வது? நமக்குள் இல்லாத ஒரு பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? கோப்பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே, யாரும் மொண்டு கலக்காதபடி தண்ணீரில் நீலச் சாயம், குழாயைச் சுற்றி நாடா, ஜன்னல் இல்லை. கதவுக்கு வெளியே அவள் நிற்கிறாள், நின்றாக வேண்டும், காது கொடுத்துக் கேட்டாக வேண்டும், உள்ளே எதையாவது பையிலிருந்து ஊற்றுகிறானா, யாருடையதையாவது கொண்டுவந்து கலக்கிறானா என்று கேட்பதற்குத்தான் சம்பளம். அவள் நிழல் கதவின் அடியில் இரண்டு கோடாகத் தெரிந்தது. காலையிலிருந்து எதை அடக்க உயிரை விட்டேனோ அது இப்போது வர மாட்டேன் என்றது. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, வெளியே யார் என்று. பல்லைக் கடித்தேன், பெட்ரோல் பங்கை நினைத்தேன், பனியை நினைத்தேன், ஒரு சொட்டு கிடையாது. நெற்றியைச் சுவரில் வைத்து நின்றபோது அவள் பாட ஆரம்பித்தாள். நாங்கள் சபையில் பாடுகிற ஞானப்பாட்டு, சும்மா முணுமுணுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பாடுகிற மாதிரி முழுக் குரலில், அந்தச் சின்ன நடைபாதை அதிர, கைலி "என்னாச்சு வெய்?" என்று எங்கிருந்தோ கேட்டாள், பாட்டு இன்னும் ஏறியது. கதவும் தண்ணீரும் நானும் எல்லாம் அதற்குள் மூழ்கிப்போனோம், எந்தச் சத்தமும் எந்தக் காதுக்கும் போகாது. வந்தது. கோப்பை நிறைந்தது, மீதியெல்லாம் நீலத்தில் போய் விழுந்தது, நிற்காமல், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன், பனிக்காலத்தில் ஒரு அண்ணன் கராஜில் படுத்ததை அவள் மறக்கவில்லை, திருப்பிச் செய்துவிட்டாள், இதுதான் என் தங்கை, என் காதைப் பொத்திக்கொள்கிறேன் அண்ணா, நீங்க போங்க என்று ஊர் கேட்கச் சொல்கிறாள்...

முடிந்துவிட்டது. கோப்பை கையில் சூடாக இருக்கிறது, பக்கத்தில் ஒட்டியிருக்கிற சூடு காட்டும் பட்டையில் பச்சை தெரிகிறது, ஆறிவிட்டால் செல்லாது, உடனே கொடுத்தாக வேண்டும். துணியைச் சரிசெய்துகொண்டேன். வெளியே முதல் பல்லவி முடிந்து சரணம், சரணம் முடிந்து அடுத்த சரணம், நான் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினேன், அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், பாட்டு நிற்கவில்லை, கடைசிச் சரணமும் முடிந்து, ஆமென் சொல்லாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். எதற்கு? காது பொத்த இவ்வளவு போதாதா? நேரம் கொடுக்கிறாள். நேர்மையாக நின்று முடித்தவனுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படாது. மரியாதைக்காகப் பாடியிருந்தாலும் இதே பாட்டைத்தான் பாடியிருப்பாள், எதையாவது ஊற்றிக் கலக்கிக்கொள்ளட்டும் என்று பாடியிருந்தாலும் இதே பாட்டுத்தான், இதே குரல்தான், எது என்று பிரித்து எடுக்க என்னால் ஆகாது, கேட்கவும் முடியாது, ஆயுசுக்கும். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறேன், கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது, அவள் உச்ச ஸ்தாயிக்கு ஏறுகிறாள், எங்கள் பாடகர் குழுவில் அந்த இடத்தில் கீழ்ஸ்தாயியில் நான் சேர வேண்டும்.